அந்தக் கூண்டை வடிவமைத்தவர் யார்?

தமிழ்நாட்டின் எந்தச் சாலையில் பேருந்தில் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். நீலக் கோட்டு, கழுத்துப்பட்டை, கையில் புத்தகம், நீட்டிய சுட்டுவிரலுடன் அண்ணல் அம்பேத்கர் நிற்பார். அவரைச் சுற்றி இரும்புக் கூண்டு.

சிலையைச் செய்த சிற்பி யார் என்று கேட்டால் சேரியில் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். கூண்டை வடிவமைத்தவர் யார் என்று நாம் கேட்டதில்லை. ஆனால் அதுவும் வடிவமைக்கப்பட்ட பொருள்தான். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, கை நுழையலாமா, கல் நுழையலாமா, மாலை போட எந்தப் பக்கம் கதவு, பூட்டு உள்ளேயா வெளியேயா, சாவி யாரிடம் இருப்பது என்றெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பட்டறையில் ஆங்கிளை அறுத்து வெல்டிங் வைத்தவருக்கு அந்த அளவுகளைச் சொன்னது வருவாய்த் துறையா, காவல் நிலையமா, ஊர்க் கூட்டமா?

சிலையைச் சேதப்படுத்தியவனைக் கூண்டில் ஏற்ற முடியாதவர்கள் சிலையைக் கூண்டில் அடைத்தார்கள் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. அந்தக் கூண்டை அளந்து, படமெடுத்து, எந்த ஆண்டு யார் உத்தரவில் வந்தது என்று கோப்புகளைத் தேடி, ஊர்க்காரர்களிடம் கேட்டு, நூறு பக்கம் எழுதும் வேலை வேறு. அந்த வேலைக்கென்றே உலகத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. வடிவமைப்பு ஆய்வு, வடிவமைப்பு எழுத்து, வடிவமைப்பு விமர்சனம் என்று அதற்குப் பெயர். நம் பிள்ளைகள் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

படம் வரைகிற படிப்பு மட்டும்தானா?

'டிசைன்' என்றவுடன் கோவை, திருப்பூர்ப் பக்கம் நினைவுக்கு வருவது பனியன் கம்பெனி. பிரிண்டிங், எம்பிராய்டரி, பேட்டர்ன் கட்டிங், சாம்பிள் போடுவது. முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியே இருக்கிறது. இவையெல்லாம் பொருளைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் படிப்புகள். நாம் சொல்வது, செய்யப்பட்ட பொருளைப் படிக்கும் படிப்பு. ஒரு நாற்காலி, ஒரு ரேஷன் அட்டை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு சாதிச் சான்றிதழ் விண்ணப்பப் படிவம், இவை ஏன் இப்படி இருக்கின்றன, இதனால் யாருக்கு வசதி, யாருக்கு வலி என்று ஆராய்ந்து, பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதுவது.

தமிழ் முதுகலை படித்த நமக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. 'திறனாய்வு' என்று தனித்தாளே படித்தோம். ஒரு பாட்டை எடுத்து, சொல்லைப் பிரித்து, யார் கூற்று, யாரிடம் கூறியது, எந்தச் சூழலில் கூறியது என்று பார்த்தோம். அந்தக் கண்ணைப் பாட்டிலிருந்து எடுத்துத் தேநீர்க் குவளை மேல் வைக்க வேண்டும், அவ்வளவே.

லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் சேர்ந்து வடிவமைப்பு வரலாற்றில் முதுகலையை 1982-ல் தொடங்கின. நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ், ஆலிஸ் ட்வெம்லோ, ஸ்டீவன் ஹெல்லர் முயற்சியில் 2008-ல் வடிவமைப்பு விமர்சனத்துக்கென்றே முதுகலையைத் திறந்தது. பிறகு அது ஓராண்டுப் படிப்பாகச் சுருங்கி 'வடிவமைப்பு ஆய்வு, எழுத்து, விமர்சனம்' என்று பெயர் மாறியது. இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) 1961-லும், மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையம் 1969-லும் தொடங்கப்பட்டவை. இரண்டிலும் செய்யும் கலைதான் முதன்மை. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் 'சோஷியல் டிசைன்' என்ற முதுகலை இருக்கிறது. சமூகத்தையும் வடிவமைப்பையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் முதலில் அந்தக் கதவைத் தட்டலாம். அண்ணல் பெயரால் அமைந்த பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும், நமக்குப் பிடித்திருக்கிறது.

லோட்டாவைப் பற்றிக் கேட்காத கேள்வி

என்.ஐ.டி. பிறந்த கதையில் ஒரு சொம்பு இருக்கிறது. இந்திய அரசின் அழைப்பில், ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன், சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இங்கே வந்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். 1958-ல் அவர்கள் கொடுத்த 'இந்தியா ரிப்போர்ட்'தான் அந்த நிறுவனத்துக்கு வித்து. இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களுள் தலையானதாக அவர்கள் சொன்னது லோட்டாவை. நம் ஊர்ச் சொம்பு.

அதைப் பற்றி நீண்ட பட்டியலாகக் கேள்வி அடுக்கியிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தூக்குகிற கையின் பலம் என்ன, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், ஊற்றும்போது நீர் எப்படி விழும், இடுப்பில் எப்படிப் பொருந்தும், என்ன விலை, உடைந்தால் உலோகம் என்ன பெறும், அதை வைத்திருப்பதும் விற்பதும் ஒருவருக்குக் கொடுப்பதும் எப்படிப்பட்ட உணர்வைத் தரும் என்பது வரை போகிறார்கள். ஒரு சொம்பை இவ்வளவு மரியாதையோடு பார்த்தவர்கள் குறைவு. அந்த அறிக்கையை இன்றும் வடிவமைப்பு மாணவர்களுக்கு முதலாண்டிலேயே படிக்கக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு கேள்வி இல்லை. இதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது?

தண்ணீர் கேட்டு வந்தவரின் குவிந்த கையில், கையில் படாத உயரத்திலிருந்து ஊற்றுவது இந்த நாட்டில் சொம்பின் முக்கியமான பயன்பாடுகளுள் ஒன்று. விளிம்பு வெளியே வளைந்திருப்பதால் நீர் ஒரே தாரையாக விழுகிறது என்று ஒருவர் அழகைச் சொல்லலாம். அந்தத் தாரைக்குக் கீழே கையேந்தி நின்றவருக்கு அதில் வேறொன்று தெரிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பதியை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்குச் சொம்பைக் காட்டியவர்கள் சொல்லவில்லை, அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அறிக்கையை வகுப்பில் நடத்தியவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதுதான் விஷயம். வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் பாடமே வேறாகியிருக்கும்.

இரட்டைக் குவளையை எடுத்துக்கொள்வோம். தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குத் தேங்காய்த் தொட்டி. பிறகு தொட்டி போய் அலுமினியக் குவளை, எவர்சில்வர் குவளை என்று வந்தது. கழுவி எடுத்து வைக்கும் இடமும் தனி. வழக்குகளும் போராட்டங்களும் வலுத்த பிறகு சில கடைகளில் நமக்கு மட்டும் காகிதக் கப். அதிகாரி வந்து பார்த்தால் "சுத்தத்துக்காகத்தானுங்க" என்று பதில் தயாராக இருக்கும். குவளை என்ற ஒரே பொருளின் வரலாற்றை, அது செய்யப்பட்ட பொருள் மாற மாறத் தீண்டாமை எப்படிச் சட்டத்திலிருந்து நழுவிக்கொண்டது என்ற கோணத்தில் ஒருவர் எழுதினால், அது நீதிமன்றத்துக்கும் உதவும், நூலகத்திலும் நிற்கும்.

கவலையின் வால்

குவளையை விட்டு நம் கை செய்த பொருளுக்கு வருவோம். கொங்கு நாடு கிணற்றுப் பாசன நாடு. மின்சாரம் வருவதற்கு முன் ஆழக் கிணறுகளிலிருந்து நீர் இறைத்தது கவலை. மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். இதைப் பார்த்தவர்கள் மாட்டைப் பற்றியும் கவலை ஓட்டியவரின் பாட்டைப் பற்றியும் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். சாலின் அடியில் தொங்கிய தோல் வாலைப் பற்றிச் சொன்னவர்கள் குறைவு.

அந்த வால்தான் கவலையின் மூளை. சாலைத் தூக்கும் பெரிய வடம் மேல் உருளையில் ஓடும். வாலின் நுனியைப் பிடித்திருக்கும் மெல்லிய கயிறு, கிணற்று விளிம்பில் தாழ இருக்கும் இன்னோர் உருளையில் ஓடும. இரண்டு கயிற்றின் நீளமும் கணக்காகக் கட்டப்பட்டிருக்கும். சால் ஏறி வரும்போது வால் மடிந்து, அதன் வாய் சாலின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். ஒரு சொட்டு சிந்தாது. சால் விளிம்புக்கு வந்ததும் கீழ்க்கயிறு வாலைத் தொட்டிப் பக்கம் இழுக்கும். சால் இன்னும் மேலேறும், வால் தாழ்ந்து நீளும், நீர் தானாகக் கொட்டும். சாய்த்து ஊற்ற ஓர் ஆள் வேண்டியதில்லை. மாடு ஓட்டும் ஒருவரே போதும். பல்சக்கரமோ வால்வோ இல்லாமல், இரண்டு கயிறும் ஒரு தோல் குழாயும் சேர்ந்து செய்த வேலை இது.

அந்தத் தோலைப் பதப்படுத்தி, ஒழுகாமல் தைத்துப் பூட்டியவர்கள் அருந்ததியர்கள். கிழிந்தால் இரவோடு இரவாகத் தைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. கூலி, களத்துமேட்டில் அளந்து போடும் தானியம். அந்த வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். "தையல்ல ஒரு சொட்டு ஒழுகுனா பண்ணையக்காரரு சும்மா உடுவாரா கண்ணு? தோலு எந்தப் பக்கம் இளகும், எந்தப் பக்கம் இழுக்கும்னு கையிக்குத் தெரியோணும்" என்றார். பொறியியல் கல்லூரியில் இதைப் பொருளறிவியல் என்பார்கள்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. பின்னர் பம்ப்செட்டு பரவியது. கோவை மோட்டார் நகரம் ஆனது. பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் இங்கே பெருமைமிக்க வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஜி.டி. நாயுடுவுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கவலை வாலைத் தைத்தவருக்கு மட்டும் வரலாறும் இல்லை, பெயரும் இல்லை. மிஞ்சியது சாதிப் பெயர் ஒன்றே. கவலையோடு அந்தக் கைவேலையும் போனது. கையின் அறிவை அடுத்த வேலைக்கு எடுத்துப்போக ஐ.டி.ஐ.யிலோ பட்டறையிலோ யாரும் இடம் தரவில்லை. அந்தப் பிள்ளைகள் துப்புரவுக்கும் செங்கல் சூளைக்கும் பண்ணையத்துக்கும் போனார்கள்.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. புறநானூற்றின் 82-ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மாலையாகிறது, மழை வேறு வருகிறது. இத்தனை நெருக்கடியில் கட்டிலுக்கு வார் பின்னுகிறான் ஒருவன். அவன் கை ஊசியின் வேகம், மல்லனுடைய போரின் வேகத்துக்கு உவமை. கைத்திறனைப் போற்றிய புலவர் அதே மூச்சில் அவனை 'இழிசினன்' என்கிறார். இந்தப் பாட்டை நமக்கு நடத்திய ஆசிரியர் உவமை நயம் சொன்னார். மனைவிக்கு வலி கண்ட நாளில் அவன் ஏன் வீட்டுக்குப் போக முடியவில்லை என்பதைப் பற்றி வகுப்பில் பேச்சே இல்லை. அவசர ஆர்டருக்கு விடிய விடிய தைக்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கு அந்தப் பாட்டு உரை எழுதாமலே புரியும்.

ஆய்வில் தகவல் சொல்பவர், அட்டையில் இல்லாதவர்

வடிவமைப்புக் கல்லூரிகளில் கைவினை ஆவணப்படுத்தல் என்று ஒரு பாடம் உண்டு. மாணவர்கள் ஒரு தறிக்கூடத்துக்கோ, குயவர் வீட்டுக்கோ, தோல் தைப்பவர் தெருவுக்கோ போய்ச் சில வாரம் தங்கிப் படமெடுத்து அறிக்கை எழுதுவார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அறிக்கையின் அட்டையில் மாணவர் பெயர் இருக்கும். உள்ளே நம் ஆள் 'கைவினைஞர்' அல்லது 'தகவலாளர்'. விருதும் வேலையும் முனைவர் பட்டமும் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்குத் தெரிந்த தங்கை ஒருவர், அருந்ததியர் தெருவிலிருந்து வடிவமைப்புக் கல்லூரிக்குப் போனவர். கல்லூரியின் பெயர் வேண்டாம். இந்தப் பாடத்துக்குத் தன் தாத்தாவின் தோல் வேலையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். "சொந்தக் குடும்பத்தை எடுத்தால் புறவயமாக இருக்காது" என்று பதில் வந்தது. அதே வகுப்பில் ஒரு மாணவர் தன் குடும்பத்தின் நகைக்கடையை எடுத்தபோது அந்தக் கேள்வி எழவில்லை. தங்கை சண்டை போடவில்லை. வேறொரு ஊரின் பாய் நெசவை எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, தாத்தாவிடம் போய்த் தனியாக ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். ஊசியின் பெயர், உளியின் பெயர், தோல் ஊறவைக்கும் நாள் கணக்கு, எந்தப் பட்டை, எந்தக் காய். அந்த நோட்டு எந்தப் பாடத்திலும் சேராது. நமக்கு அதுதான் பாடநூல்.

மும்பை தாராவியில் சுதீர் ராஜ்பர் நடத்தும் 'சமார் ஸ்டூடியோ'வைப் பலர் அறிந்திருப்பார்கள். வசையாகப் பயன்பட்ட சாதிப் பெயரையே வணிகப் பெயராக வைத்து, மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்து, வடிவமைப்பு உலகத்தின் கண்ணைத் திருப்பியிருக்கிறார். செய்து காட்டுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அதை எழுதி, விவாதித்து, அடுத்தவர் பாடத்திட்டத்தில் நுழைப்பவர்கள்தான் குறைவு.

எழுதாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். விடியாத மழை இரவில் சுமார் இருபது அடி உயரச் சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் நம் மக்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று அங்கிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்தது அப்போதே செய்திகளில் வந்தது. ஒரு சுவருக்கு இருபது அடி எதற்கு? திருடன் வராமல் இருக்கவா, எதிரில் இருக்கும் வீடுகள் கண்ணில் படாமல் இருக்கவா? அஸ்திவாரம் என்ன, நீர் வெளியேற வழி என்ன, அனுமதி கொடுத்தது யார்? நாம் அதைத் தீண்டாமைச் சுவர் என்றோம், சரியாகவே சொன்னோம். சுவரின் உயரத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவை வரைபடத்தோடு விளக்க நம்மிடம் ஆள் இருந்திருந்தால், விவாதம் 'கனமழை' என்ற ஒரு சொல்லுக்குள் ஒதுங்க முயன்றபோது தடுத்திருக்கலாம்.

பாதாளச் சாக்கடையின் மூடியும் அப்படியே. அதன் பெயரே மேன்ஹோல், ஆள் நுழையும் துளை. ஆளை இறக்குவதற்கென்றே அளவெடுத்த பொருள். மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடைசெய்து 2013-ல் சட்டம் வந்தது. 2023-24 ஒன்றிய பட்ஜெட் உரையில்தான் 'மேன்ஹோல்' போய் 'மெஷின்ஹோல்' வரும் என்றார்கள். சட்டத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே பத்தாண்டு. அந்தப் பத்தாண்டில் துளையின் அளவு மாறவில்லை, இறங்கியவரின் சாதியும் மாறவில்லை.

கதவுகளும் தாழ்ப்பாள்களும்

இந்தப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில விவரங்கள். ஐ.ஐ.டி.களின் எம்.டெஸ். படிப்புக்கு 'சீட்' என்ற நுழைவுத் தேர்வு. மும்பை ஐ.ஐ.டி. நடத்துகிறது. மூன்றாண்டுப் பட்டம் படித்த யாரும் எழுதலாம். அதாவது பி.ஏ. தமிழ் படித்தவரும் எழுதலாம். சேர்க்கும்போது ஒவ்வொரு நிறுவனமும் தனித் தகுதி கேட்கும், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். வினாத்தாள் ஆங்கிலம். ஒரு பகுதியில் வரையவும் வேண்டும். என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. என்.ஐ.டி. தமிழ்நாட்டில் இல்லை. ஆந்திரம், அசாம், மத்தியப் பிரதேசம், அரியானாவுக்கு வந்தது, நமக்கு வரவில்லை.

இவை ஒன்றிய அரசு நிறுவனங்கள் என்பதால் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு. 2009 முதல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு இருக்கும் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அங்கே கிடையாது. உட்பிரிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1-ல் தீர்ப்பளித்தபின்னும் அந்த நிறுவனங்களின் வாசலில் நிலைமை அதுதான். கொங்கு மண்டலத்துத் துப்புரவுத் தொழிலாளியின் மகள், நாடு முழுவதிலுமிருந்து வரும் எல்லாரோடும் அதே 15-க்குள் போட்டியிட வேண்டும்.

கட்டணத்துக்கு வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், என்.ஐ.டி., நிஃப்ட், ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு ஒன்றிய அரசின் 'டாப் கிளாஸ்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் உண்டு. எந்தெந்தப் படிப்பு அதில் வரும் என்பதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஓராண்டை இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் மொத்தம் 125 இடம். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு, 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினருக்கு, 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கும் மரபுவழிக் கைவினைஞர்களுக்கும். கைவினைஞர் வீட்டுப் பிள்ளைக்கென்று பெயர் சொல்லி இடம் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் 2022-ல் சமூகநீதி அமைச்சகம் அந்தத் திட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் இல்லை. ஆக, தோல் தைத்தவரின் பேத்தி லண்டனுக்குப் போய் லண்டனின் நாற்காலியைப் பற்றி ஆராயலாம். தன் தாத்தாவின் ஊசியை ஆராயக்கூடாது. அந்த விதியை எதிர்த்து அப்போதே கல்வியாளர்களும் மாணவர் அமைப்புகளும் குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலில் கொங்கு மண்டலத்தின் பங்கு போதவில்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைத் தலைப்பாக வைத்து மனுக் கொடுக்க வேண்டும். அதில் கவலையின் வாலையும் நடூர்ச் சுவரையும் எடுத்துக்காட்டாக எழுதுங்கள்.

நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் தங்கை இந்த ஆண்டு விண்ணப்பிக்கிறார். ஆய்வுத் தலைப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் அவருக்கும் நமக்கும் இரண்டு வாரமாக வாக்குவாதம். 'தோல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இயற்கைப் பொருள்கள்' என்று போட்டால் விதியில் சிக்காது என்று நாம் சொன்னோம். "தோல்னுதாண்ணா போடுவேன். தள்ளுபடி பண்ணட்டும், காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும்" என்கிறார் அவர்.